நம்பாதவர் கொண்டாடும் பண்டிகை: கிறிஸ்துமஸும் நமது ஈமானும்





டிசம்பர் பிறந்துவிட்டால் வரதராஜன்பேட்டை, தென்னூர், ஆண்டிமடம் பக்கம் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். கேரல் பாடும் குழுவினர் தெருத்தெருவாக வருவார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கேக்கும் முறுக்கும் வரும். நம் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே குடில் கட்டுவார்கள், நாடகம் போடுவார்கள். ஆகவே இந்த மாதம் வந்தால் வாலிபர்கள் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். முன்பெல்லாம் "கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா?" என்று மட்டும் கேட்பார்கள். இப்போது கேள்வி மாறியிருக்கிறது.

"ஹழ்ரத்! கடவுளே இல்லை என்பவர்கள்கூட கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். கேக் வெட்டுகிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அது மதம் இல்லை, வெறும் சந்தோஷம். அப்படியானால் நாமும் மதத்தை விட்டுவிட்டுச் சந்தோஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன?"

இது கோபப்பட வேண்டிய கேள்வி இல்லை. பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பண்டிகை என்பது என்ன, அது யாருக்குச் சொந்தம், அதை நம்பாதவர் கொண்டாடினால் அங்கே என்ன மிஞ்சும் என்பதை இன்று பார்ப்போம். கடைசியில் இந்தக் கேள்வி நம் பக்கமே திரும்பி வரும். அதற்கும் தயாராக இருங்கள்.

1. குர்ஆனில் 'ஈத்' என்ற சொல்

பெருநாளுக்கு அரபியில் 'ஈத்' என்று சொல்கிறோம். இந்தச் சொல் குர்ஆன் முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அது நோன்புப் பெருநாளைப் பற்றியோ ஹஜ்ஜுப் பெருநாளைப் பற்றியோ பேசும் இடமல்ல. ஈஸா (அலை) அவர்கள் கேட்ட துஆவில் வருகிறது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 112 முதல் 115 வரையுள்ள வசனங்களைப் பாருங்கள். ஈஸா (அலை) அவர்களின் தோழர்களான ஹவாரிய்யூன்கள், வானத்திலிருந்து ஓர் உணவுத் தட்டை இறக்கித் தர உங்கள் இறைவனால் முடியுமா என்று கேட்டார்கள். ஈஸா (அலை) அவர்கள் உடனே கையேந்திவிடவில்லை. நீங்கள் ஈமான் கொண்டவர்களாக இருந்தால் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள் என்று முதலில் எச்சரித்தார்கள். அதில் உண்ண வேண்டும், எங்கள் உள்ளம் அமைதி பெற வேண்டும், நீங்கள் உண்மையே சொன்னீர்கள் என்று அறிந்து அதற்கு நாங்கள் சாட்சியாக வேண்டும் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். அதன் பிறகுதான் ஈஸா (அலை) அவர்கள் அந்தத் தட்டு எங்களில் முன்னவர்களுக்கும் பின்னவர்களுக்கும் ஈதாகவும், உன்னிடமிருந்து ஓர் அத்தாட்சியாகவும் ஆகட்டும் என்று துஆச் செய்தார்கள்.

அல்லாஹ் என்ன பதில் சொன்னான்? இறக்கித் தருகிறேன் என்றான். கூடவே, அதற்குப் பிறகும் உங்களில் எவர் நிராகரிக்கிறாரோ அவருக்கு உலகத்தில் எவருக்கும் கொடுக்காத வேதனையைக் கொடுப்பேன் என்றும் எச்சரித்தான்.

சகோதரர்களே! ஈத் என்ற சொல் வந்த ஒரே இடத்தில் சாப்பாடும் இருக்கிறது, மகிழ்ச்சியும் இருக்கிறது. அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் ஈமான் இருக்கிறது. ஈமான் கொண்டவர்களாக இருந்தால் என்று தொடங்கி, நிராகரித்தால் என்று முடிகிறது. ஈமானை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு தட்டுச் சாப்பாடுதான். அதை ஈத் என்று சொல்ல முடியாது.

2. நம்பிக்கையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

இது உலகம் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம்.

இங்கிலாந்தில் 1647ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒழித்துச் சட்டம் போட்டது. போட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை. தூய்மைவாதிகள் எனப்பட்ட, மதத்தில் மிகக் கடுமையான கிறிஸ்தவர்கள். இந்தப் பண்டிகைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை, இது குடிக்கும் கூத்துக்கும் சாக்காகிவிட்டது என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் 1659இல் இந்த நாளைக் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று விதித்தார்கள். 1681இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறை ஆனதே 1958இல்தான். நம்பிக்கையில்லாமல் கொண்டாடுவதைவிடக் கொண்டாடாமலே இருக்கலாம் என்று நினைத்த கிறிஸ்தவர்கள் அவர்களிலேயே இருந்திருக்கிறார்கள்.

அடுத்து சோவியத் ரஷ்யா. மதத்தை ஒடுக்கிய அரசு அங்கே கிறிஸ்துமஸ் மரத்தையும் ஒதுக்கி வைத்திருந்தது. 1935இன் கடைசியில் அந்த மரம் புத்தாண்டு மரம் என்ற பெயரில் திரும்பி வந்தது. மரம் இருந்தது. விளக்கு இருந்தது. பரிசு கொண்டுவரும் தாத்தாவும் இருந்தார். ஈஸா (அலை) அவர்களின் பெயர் மட்டும் இல்லை.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். டிசம்பர் 25 அங்கே அரசு விடுமுறையும் அல்ல. ஆனால் 1974இல் கென்டக்கி சிக்கன் நிறுவனம் செய்த விளம்பரத்துக்குப் பிறகு, கிறிஸ்துமஸ் என்றால் பொரித்த கோழி என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. மர்யம் (அலை) அவர்கள் பட்ட பிரசவ வேதனை எங்கே, கோழி வாங்க வரிசையில் நிற்பது எங்கே!

இங்கிலாந்தின் பெயர்பெற்ற நாத்திக எழுத்தாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2024இல் தம்மைக் கலாச்சாரக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டார். நம்பிக்கை வேண்டாம், அதன் பாட்டும் ஆலய அழகும் வேண்டும் என்பது அவர் நிலை.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வாருங்கள். பெரியார் இறந்தது 1973ஆம் ஆண்டு டிசம்பர் 24. ஆண்டுதோறும் அந்த நாளில் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ். கடவுள் இல்லை என்று சொன்ன அவரது இயக்கத்தார், தீபாவளி எங்களுக்கு வேண்டாம், அதன் கதையை நாங்கள் ஏற்கவில்லை என்றார்கள். பொங்கல் உழவர் திருநாள், அதனால் கொண்டாடுகிறோம் என்றார்கள். அவர்களது கொள்கையில் நமக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு பண்டிகை என்ன சொல்கிறது என்று கேட்டு, அதை ஏற்காவிட்டால் கொண்டாட மாட்டேன் என்று சொல்லும் நேர்மை அதில் இருக்கிறது. பண்டிகைக்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதே சமயம் நம் மாநிலத்தில் சமத்துவக் கிறிஸ்துமஸ் என்று அரசியல் கட்சிகள் விழா எடுக்கின்றன. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே மேடையில் நின்று கேக் வெட்டுகிறார்கள். அவர்களே ரமளானில் இஃப்தார் நிகழ்ச்சிக்கும் வந்து தொப்பி போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். நல்லெண்ணத்தோடு வருகிறவர்களை நாம் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் காட்சிக்குள்ளேயே நம் கேள்விக்கான பதில் இருக்கிறது.

3. நோன்புக் கஞ்சியில் ஒரு பாடம்

ரமளான் மாதம் அஸருக்குப் பிறகு நம் பள்ளிவாசல்களில் என்ன நடக்கிறது? கஞ்சி காய்ச்சி இறக்கியதும் தூக்குவாளியோடு பிள்ளைகள் வருவார்கள். முஸ்லிம் பிள்ளைகள் மட்டுமா? பக்கத்துத் தெரு இந்துச் சகோதரிகள் வருவார்கள், கிறிஸ்தவப் பிள்ளைகள் வருவார்கள். நாம் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. நோன்பு வைத்தாயா என்றும் கேட்பதில்லை.

அந்தக் கஞ்சியை ஒரு கிறிஸ்தவச் சகோதரர் குடிக்கிறார். அவர் நோன்பு திறந்தார் என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம். காலையில் ஸஹர் செய்து, அல்லாஹ்வுக்காக நிய்யத் வைத்து, தாகத்தைத் தாங்கியவர்தான் நோன்பு திறக்கிறார். மற்றவர் விருந்தாளி. அவருக்கு மரியாதை உண்டு, உணவு உண்டு, அன்பு உண்டு. அவர் விருந்தாளியாக வந்தது நமக்குச் சந்தோஷம். நோன்பாளியாக அவர் நடிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. நடித்தால் நமக்கே சங்கடமாக இருக்கும்.

இதே அளவுகோலைத் திருப்பிப் போடுங்கள். அவர்களது பண்டிகையில் நாம் அண்டை வீட்டார். அவர்கள் வீட்டுப் பலகாரத்தை அன்போடு வாங்கலாம். அவர்கள் மகிழ்வதைக் கண்டு முகம் சுளிக்காமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பண்டிகை எதைச் சொல்கிறதோ அதை நாமும் சொல்வதுபோல நடிக்க வேண்டியதில்லை. அவர்களும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்து, தம் நம்பிக்கையைத் தேம்பாவணி என்ற காவியமாகப் பாடினார். அதற்குச் சற்று முன்னால் நம் உமறுப்புலவர் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடியிருந்தார். இருவருக்கும் ஒரே தமிழ், ஒரே யாப்பு மரபு. ஆனால் அவர் தம் நம்பிக்கையைத்தான் பாடினார், இவர் தம் ஈமானைத்தான் பாடினார். இரண்டையும் கலக்காததால் தமிழ் எதையும் இழந்துவிடவில்லை.

4. கிறிஸ்துமஸ் சொல்வது என்ன? நாம் சொல்வது என்ன?

ஈஸா (அலை) அவர்களை நேசிக்காதவர் முஸ்லிமாக இருக்க முடியாது. அவர்களது தாயார் பெயரில் ஓர் அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. மர்யம் அத்தியாயத்தை 16ஆம் வசனத்திலிருந்து ஓதிப் பாருங்கள். ஒதுங்கிய இடத்தில் தனித்திருந்த கன்னிப்பெண், வானவர் வருகை, பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலி, இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா என்ற கதறல், காலடியில் ஓடிய நீரூற்று, மரத்தை உலுக்கியதும் உதிர்ந்த கனிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஊரார் பழித்தபோது தொட்டிலில் இருந்த குழந்தை வாய் திறந்து பேசியது. பேசிய முதல் செய்தி, நான் அல்லாஹ்வின் அடிமை என்பதுதான் (19:30).

கிறிஸ்துமஸ் சொல்வது வேறு. இறைவனே, இறைவனின் மகனே மனிதனாகப் பிறந்தான் என்பது அந்தப் பண்டிகையின் கருத்து. கிறிஸ்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களே தெளிவாகச் சொல்வார்கள். அவர்களது நள்ளிரவு வழிபாடு அதற்காகத்தான். நட்சத்திரமும் குடிலும் அதைச் சொல்லத்தான். ஆக, தொட்டிலில் பேசிய குழந்தையின் முதல் வார்த்தையும் இந்தப் பண்டிகையின் மையக் கருத்தும் ஒன்றல்ல. இந்த இடத்தில் மழுப்பினால் இரண்டு பக்கமும் நேர்மை இருக்காது.

டிசம்பர் 25 என்ற தேதியை வைத்து அவர்களைக் கிண்டல் செய்வது சிலருக்குப் பழக்கம். அவர்களது நற்செய்தி நூல்களில் பிறந்த தேதி இல்லை என்பதும், இந்தத் தேதி 354ஆம் ஆண்டின் ரோமானிய ஆவணம் ஒன்றில் காணப்படுகிறது என்பதும், ரஷ்யா போன்ற நாடுகளில் ஜனவரி 7இல் கொண்டாடுகிறார்கள் என்பதும் அவர்களே அறிந்தவை. நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் அழைக்கும் தெய்வங்களை ஏசாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்திருக்கிறான் (6:108). வாட்ஸ்அப்பில் கேலிப் படம் அனுப்புவது தஃவா ஆகாது.

5. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அந்த மக்கள் விளையாடி மகிழும் இரண்டு நாட்கள் இருந்தன. இவை என்ன நாட்கள் என்று கேட்டார்கள். அறியாமைக் காலத்தில் நாங்கள் விளையாடிய நாட்கள் என்றார்கள். அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை, ஹஜ்ஜுப் பெருநாளையும் நோன்புப் பெருநாளையும் அல்லாஹ் உங்களுக்கு மாற்றித் தந்திருக்கிறான் என்று கூறினார்கள் (அபூதாவூத், நஸாயீ). விளையாட்டு வேண்டாம், மகிழ்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. மகிழ்ச்சியை ஈமானோடு இணைத்துக் கொடுத்தார்கள்.

ஒரு பெருநாள் அன்று ஆயிஷா (ரழி) அவர்கள் வீட்டில் இரு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் அதட்டினார்கள். விட்டுவிடுங்கள், ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள் என்றார்கள் நபியவர்கள் (புகாரி, முஸ்லிம்). இந்த ஹதீஸில் இரண்டு பாடங்கள் உள்ளன. பெருநாளில் பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்காதீர்கள் என்பது ஒன்று. பெருநாள் ஒரு சமூகத்தின் அடையாளம் என்பது மற்றொன்று.

புவானா என்ற இடத்தில் ஒட்டகம் அறுப்பதாக ஒருவர் நேர்ச்சை செய்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். அங்கே வணங்கப்பட்ட சிலை ஏதும் இருந்ததா? அவர்களது பண்டிகை ஏதும் அங்கே நடந்ததா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்த பிறகே நேர்ச்சையை நிறைவேற்றச் சொன்னார்கள் (அபூதாவூத்). அறுக்கப்போகிறவர் முஸ்லிம், அறுப்பது அல்லாஹ்வுக்காக. அப்படியிருந்தும் பண்டிகை பற்றித் தனியாக விசாரித்தார்கள் என்றால், நான் நம்பிக்கை இல்லாமல் சும்மா கொண்டாடுகிறேன் என்ற சமாதானம் மார்க்கத்தில் நிற்காது என்று புரிகிறது.

மதமே இல்லாதவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா என்றால், அது அவர்களும் கிறிஸ்தவர்களும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை (2:256). நாம் போய்த் தடுக்கப்போவதில்லை. ஆனால் அவர்களை நாம் பின்பற்ற முடியாது. அவர்களுக்கு ஒரு வெற்றிடம் இருக்கிறது. குடும்பம் கூட வேண்டும், பரிசு கொடுக்க வேண்டும், ஆண்டில் ஒரு நாளாவது மனம் நிறைய வேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது. அந்த வெற்றிடம் நமக்கு இல்லை. நமக்கு அல்லாஹ் இரண்டு பெருநாட்களைத் தந்திருக்கிறான்.

6. நஜ்ஜாஷி மன்னர் சபையில்

கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளாவிட்டால் உறவு கெட்டுவிடுமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவர்கள் இந்த வரலாற்றைக் கேட்க வேண்டும்.

மக்காவின் கொடுமை தாங்காமல் ஸஹாபாக்கள் ஹபஷாவுக்குப் போனார்கள். அது கிறிஸ்தவ நாடு. நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னரின் தயவில்தான் அவர்களது உயிர் இருந்தது. குறைஷிகள் தூதுவர்களை அனுப்பி, இவர்களைப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மன்னர் விசாரித்தார். ஜஃபர் (ரழி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதிக் காட்டினார்கள். மன்னர் அழுதார், அவரது தாடி நனைந்தது.

மறுநாள் குறைஷித் தூதர் புதிய தந்திரம் செய்தார். இவர்கள் ஈஸாவைப் பற்றிப் பெரிய வார்த்தை சொல்கிறார்கள், கேட்டுப் பாருங்கள் என்று மன்னரிடம் மூட்டிவிட்டார். முஸ்லிம்கள் கலங்கினார்கள். அந்த நேரத்தில் கொஞ்சம் வளைத்துப் பேசியிருந்தால் பிழைத்திருக்கலாம். அவர்கள் கலந்து பேசி முடிவெடுத்தார்கள்: அல்லாஹ் சொன்னதையும் நபி கொண்டுவந்ததையும்தான் சொல்வோம், நடப்பது நடக்கட்டும். சபையில் ஜஃபர் (ரழி) அவர்கள், ஈஸா அல்லாஹ்வின் அடிமை, அவனது தூதர், கன்னி மர்யமிடம் அவன் போட்ட வார்த்தை, அவனிடமிருந்து வந்த உயிர் என்று கூறினார்கள். மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீர் சொன்னதற்கும் ஈஸாவுக்கும் இந்தக் குச்சி அளவுகூட வேறுபாடு இல்லை என்றார். நீங்கள் என் மண்ணில் பாதுகாப்பாக இருங்கள் என்றார் (முஸ்னத் அஹ்மத்).

அகதியாக நின்றவர்கள் தங்கள் ஈமானை மறைக்கவில்லை. அடைக்கலம் தந்தவரை அவமதிக்கவும் இல்லை. அழகாகச் சொன்னார்கள், உண்மையைச் சொன்னார்கள். முந்திரித் தோப்பிலும் பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் கிறிஸ்தவர்களோடு தோளோடு தோள் நிற்கும் நமக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேறென்ன வேண்டும்?

7. நடைமுறையில் எழும் கேள்விகள்

*பக்கத்து வீட்டிலிருந்து வரும் பலகாரம்:* அன்பளிப்பை ஏற்கலாம். நெருப்பு வணங்குபவர்கள் தங்கள் பண்டிகையில் தரும் அன்பளிப்பைப் பற்றி ஒரு பெண் ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்டபோது, அந்த நாளுக்காக அறுத்ததை உண்ணாதீர்கள், அவர்களது மரத்துக் கனிகளை உண்ணுங்கள் என்று சொன்னார்கள் (முஸன்னஃப் இப்னு அபீ ஷைபா). வேதக்காரர்கள் அறுத்ததற்குத் தனிச் சட்டம் உண்டு (5:5). ஆனால் எப்படி, எந்தக் கடையில் அறுத்தது என்று தெரியாத இறைச்சியைத் தவிர்ப்பதே பேணுதல். பிளம் கேக்கில் பழத்தை ரம்மிலோ ஒயினிலோ ஊறவைப்பது உண்டு. அதை மட்டும் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்களே நமக்கென்று தனியாகச் செய்து தருகிறார்கள். வாங்கிய பாத்திரத்தைப் பெருநாளன்று வெறுமனே திருப்பாதீர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் (திர்மிதி).

*பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சி:* குடில் நாடகத்தில் வேடம் கட்டுவது, அவர்களது வழிபாட்டுப் பாடல்களைப் பாடுவது நம் பிள்ளைக்கு வேண்டாம். இதைத் தலைமை ஆசிரியரிடம் பெற்றோர் நேரில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள். சுவர்ப் பலகை எழுதுவது, நாற்காலி போடுவது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது போன்ற வேலை தரும்படி கேளுங்கள். பிள்ளையைத் தனியே ஒதுக்கி வைத்தது போல ஆகாது. அன்று பள்ளிக்கே அனுப்பாமல் ஒளித்து வைப்பதைவிட இது நல்லது.

*அலுவலகப் பரிசுப் பரிமாற்றம்:* நண்பருக்குப் பரிசு கொடுக்க நமக்கு ஆண்டு முழுவதும் நாள் இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி போட்டு, மரத்தடியில் நின்று கொண்டாட வேண்டியதில்லை. நான் இதில் சேரவில்லை, உங்கள் மகிழ்ச்சியில் எனக்கு வருத்தமும் இல்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

*வாழ்த்துச் சொல்வது:* இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பிற மதத்தின் வழிபாட்டு நாளுக்கென்று வாழ்த்துவது கூடாது என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்றோர் கடுமையாகச் சொன்னார்கள். எகிப்தின் தாருல் இஃப்தா, ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் போன்றவை நல்லுறவுக்காகச் சொல்லும் வாழ்த்தை, அதில் கொள்கையை ஏற்பது இல்லாதவரை, அனுமதித்திருக்கின்றன. நமது ஊர்ப் பழக்கமும் என் ஆலோசனையும் பேணுதலின் பக்கமே. பண்டிகையின் பெயரைச் சொல்லி வாழ்த்தாமல், வீட்டில் எல்லோரும் நலமா, பிள்ளைகள் ஊரிலிருந்து வந்துவிட்டார்களா, நல்லா இருங்கள் என்று மனதார விசாரியுங்கள். ஆனால் இதற்காக மற்றொரு முஸ்லிமைக் காஃபிர் என்று சொல்லிச் சண்டை போடுவது அந்த வாழ்த்தைவிடப் பெரிய பாவம்.

*அண்டை வீட்டார் உரிமை:* நம்மோடு போரிடாத, நம்மை வீட்டைவிட்டு விரட்டாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செய்வதையும் அல்லாஹ் தடுக்கவில்லை (60:8). பண்டிகை நாளில் அவர்கள் வீட்டில் நோயாளி இருந்தால் மருத்துவமனைக்கு வண்டி எடுங்கள். கூட்ட நாளில் வழி விடுங்கள்.

2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்காக வந்திருந்த யாத்ரீகர்கள் பலர் கடற்கரையிலேயே உயிரிழந்தார்கள். அன்று நாகூர் தர்கா எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தது, இறந்தவர்களை அடக்கம் செய்ய இடம் கொடுத்தது. நமக்குப் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் கிராம மக்களுக்குச் சமைத்துப் போட்டார்கள், சடலங்களைத் தூக்கினார்கள். அவர்களில் யாரும் முதல் நாள் கேக் வெட்டியிருக்கத் தேவையில்லை. ஒரு யூதரின் ஜனாஸா போனபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிர் அல்லவா என்று கேட்ட நபியின் (புகாரி, முஸ்லிம்) உம்மத்தாக அவர்கள் நடந்தார்கள். அந்த மக்கள் அதை இன்றும் மறக்கவில்லை.

8. இப்போது நம் பக்கம்

சகோதரர்களே! நம்பிக்கை இல்லாமல் பண்டிகை மட்டும் கொண்டாடுகிறவர்களைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். இனி நம் பள்ளிவாசலைப் பார்ப்போம்.

நோன்புப் பெருநாள் காலையில் பள்ளி நிரம்பி, பந்தல் போட்டு, தெருவரை ஸஃப் நிற்கிறது. மறுநாள் ஃபஜ்ரில் எத்தனை பேர்? ஒரு ஸஃப் தேறுமா? ஐந்து நேரத் தொழுகை ஃபர்ளு. பெருநாள் தொழுகை ஹனஃபி மத்ஹபில் வாஜிப், ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத் முஅக்கதா. ஃபர்ளை விட்டுவிட்டு ஆண்டுக்கு இரண்டு தடவை மட்டும் அத்தர் பூசிக்கொண்டு வருபவருக்கும், ஆலயத்துக்கே போகாமல் நட்சத்திரம் மட்டும் கட்டுபவருக்கும் எவ்வளவு தூரம்?

முப்பது நாளும் நோன்பு வைக்காமல் இஃப்தாருக்கு முதல் ஆளாக உட்காருகிறோம். ஸதக்கத்துல் ஃபித்ரைத் தொழுகைக்கு முன் ஏழையிடம் சேர்க்காமல், புதுச்சட்டைக்கும் பிரியாணிக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். குர்பானியின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, உங்கள் இறையச்சமே சென்றடைகிறது என்று குர்ஆன் சொல்கிறது (22:37). நாமோ ஆட்டின் எடையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். கலாச்சாரக் கிறிஸ்தவர் என்று ஒருவர் சொன்னபோது நமக்குச் சிரிப்பு வந்தது. கலாச்சார முஸ்லிம் என்ற ஒருவர் நம் வீட்டுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கவில்லையா?

கேள்வி கேட்ட அந்த வாலிபர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பெருநாளில் அவர்கள் கண்டது என்ன என்று பெற்றோர்கள் யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிசம்பர் முழுவதும் குடும்பமாகச் சேர்ந்து குடில் கட்டும் வேலை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, எதிர்பார்ப்பு இருக்கிறது. நம் பிள்ளைக்குப் பெருநாள் என்றால் காலையில் ஒரு தொழுகை, மதியம் சாப்பாடு, பிறகு கைபேசி. நம் மகிழ்ச்சியை நாமே சுருக்கிவிட்டு, பிள்ளை வேறு மகிழ்ச்சியைத் தேடுகிறது என்று கவலைப்பட்டால் எப்படி?

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ரமளானில் பிள்ளையின் கையால் ஸதக்கத்துல் ஃபித்ரைக் கொடுக்கச் சொல்லுங்கள், அது ஏன் என்றும் சொல்லிக் கொடுங்கள். பெருநாள் இரவிலிருந்தே வீட்டில் தக்பீர் சத்தம் கேட்கட்டும், பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லட்டும். இந்த டிசம்பரில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு குடும்பமாக உட்கார்ந்து மர்யம் அத்தியாயத்தைத் தமிழ் அர்த்தத்தோடு வாசியுங்கள். ஈஸா (அலை) அவர்கள் நமக்கு யார் என்று அறிந்த பிள்ளை, நாம் ஏன் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை என்று கேட்டால் தானே பதில் சொல்லும். வெறுப்பில்லாமல், வெட்கமில்லாமல் சொல்லும்.

யா அல்லாஹ்! எங்கள் ஈமானை வெறும் பழக்கமாக ஆக்கிவிடாதே. எங்கள் பெருநாட்களை உனக்கு நன்றி செலுத்தும் நாட்களாக ஆக்குவாயாக. ஈஸா (அலை) அவர்களையும் மர்யம் (அலை) அவர்களையும் நீ சொன்னபடி நேசிக்கும் உள்ளத்தைத் தருவாயாக. எங்கள் அண்டை வீட்டாருக்கு எங்கள் நாவாலும் கையாலும் தீங்கு வராமல் காப்பாயாக. எங்களுக்கும் அவர்களுக்கும் நேர்வழி காட்டுவாயாக. எங்கள் ஊரில் அமைதியை நிலைக்கச் செய்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.